விறாந்தையில் திறந்து கிடந்த எஞ்சின்

வத்தளையில் நான் இப்போது குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில் மூன்று மொழிகளிலும் ஓர் அறிவித்தல் தொங்குகிறது. வாகனம் கழுவக் கூடாது, ஒயில் மாற்றக் கூடாது, திருத்த வேலை எதுவும் செய்யக் கூடாது. தமிழில் மட்டும் ‘திருத வேலை’ என்று ஓர் எழுத்து விழுந்துபோயிருக்கிறது. அதைத் திருத்தவும் அனுமதி இல்லைப் போலும். என் ஸ்கூட்டர் அந்தச் சுவரோரம்தான் நிற்கிறது. வாங்கி ஏழு வருடம். அதன் எஞ்சினை நான் இன்னும் கண்ணால் கண்டதில்லை. தவணைக்குத் தவணை கொண்டுபோய் விட்டால், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து தொலைக்காட்சி பார்த்துவிட்டு, பில்லைக் கட்டி எடுத்துக்கொண்டு வரவேண்டியதுதான்.

லிப்டுக்குக் காத்து நிற்கும்போது அந்த இரண்டாவது வரியை வாசித்தால் எனக்கு மண்ணெண்ணெய் மணக்கும்.

அந்த மணம் ஹெந்தளையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் விறாந்தைக்கு உரியது. ஹமில்டன் கால்வாய்க்குக் கிட்ட, ஓட்டுக் கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை, முன்பக்கம் கம்பி வலை அடித்த விறாந்தை. 1802 இல் வெட்டத் தொடங்கி 1804 இல் ஆங்கிலேயர் முடித்த கால்வாய் அது. ஊரார் எல்லோரும் அதை டச்சுக் கால்வாய் என்றுதான் சொல்வார்கள், பாவம் ஹமில்டன். கடலும் கிட்ட. உப்புக் காற்று எப்படியென்றால், ஓர் இரும்புத் துண்டை இரவு வெறுமனே வெளியில் வைத்தால் விடியும்போது அதில் செம்மண் பூத்திருக்கும். வெள்ளவத்தை வாடகையும் கொட்டாஞ்சேனை வாடகையும் கட்டுப்படியாகாதவர்கள் களனி ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த காலம். நாங்கள் 1997 இல் வந்தோம். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, நான், ஒரு பிஸ்டன்.

பிஸ்டன் கண்ணாடி அலுமாரியில் இருந்தது. சரஸ்வதி படத்துக்கும் நான் தமிழ்த்தினப் போட்டியில் வாங்கிய கேடயத்துக்கும் நடுவில். வீட்டுக்கு வந்தவர்கள் அதைச் சாம்பல் தட்டு என்று நினைத்தார்கள். ஒருவர் சிகரெட்டைத் தட்டவும் போய்விட்டார். அப்பா சத்தம் போட்டு நான் கேட்ட இரண்டு மூன்று தடவைகளில் அது ஒன்று.

இணுவிலில் அப்பாவிடம் இருந்த எம்.டி. நைன்ரியின் பிஸ்டன் அது. எம்.டி. நைன்ரி பற்றிப் பேசாமல் என் வயதுக்கு மேற்பட்ட யாழ்ப்பாணத்தார் யாரும் ஒரு கலியாண வீட்டைத் தாண்டமாட்டார்கள், ஆகவே நானும் சொல்லிவிடுகிறேன். 1958 இல் ஹொண்டா நிறுவனம் ‘சூப்பர் கப்’ என்று ஒரு சின்ன வண்டியைக் கொண்டுவந்தது. சோபா நூடில்ஸ் கொண்டுபோகும் கடைப் பையன் ஒரு கையில் தட்டத்தைத் தாங்கியபடி மற்றக் கையால் ஓட்ட வேண்டும் என்பது கணக்கு. அதனால் கையில் கிளச் கிடையாது. காலால் கியரை மிதித்தால் கிளச் தானாக விடும், தானாகப் பிடிக்கும். 2017 ஒக்டோபரில் அந்த வகை வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வண்டிக்கும் அந்தக் கணக்கு இல்லை. அந்தக் குடும்பத்தில் ஜப்பான் தபால்காரர்களுக்கென்று செய்தது எம்.டி. 90. சிவப்பு நிறம், பின்னால் அகலமான கரியர். அங்கே கடிதம் சுமந்து களைத்த வண்டிகள் கப்பலேறி வந்து சுன்னாகத்தில் வெங்காய மூட்டை சுமந்தன.

1990 இல் யுத்தம் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆகவே ஷம்பு போத்தல் ஒன்றில் உயிரைப்போல் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலை காபரேற்றருக்குள் இரண்டு பீய்ச்சுப் பீய்ச்சி, உதைத்து, எஞ்சின் சூடேறும்வரை முறுக்கிப் பிடித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கும் மணம், ஏற்றத்தில் ‘டக டக’ என்று தட்டல். ஆனால் ஓடும். மொறிஸ் மைனர் கார்களும் அப்படித்தான் ஓடின. எங்களுடைய புத்திக்கு இதைச் சான்றாகக் கனடாவிலும் லண்டனிலும் மேடையேறிச் சொல்லுகிறார்கள். எஞ்சினைக் கேட்டால் வேறு கதை சொல்லும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயில்தான் அந்த எஞ்சினுக்கு, அது சில வாரத்தில் தண்ணியாகிவிடும். பிஸ்டன் தலையில் கரி அப்பும். கரி ரிங் காடிக்குள் இறங்கி ரிங்கை இறுக்கிவிடும். இறுகிய ரிங் சுவரோடு பொருந்தாது, அமுக்கம் போய்விடும். சில மாதத்துக்கு ஒருமுறை எஞ்சினைத் திறந்து கரி சுரண்டாதவருக்கு வண்டி இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிய அப்பா எஞ்சின் வேலை பழகியது இப்படித்தான், ஆசையால் அல்ல.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி பின்னேரம் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி பூட்டிய வாகனம் ஒழுங்கைக்குள் வந்தபோது எங்கள் எம்.டி. நைன்ரி விறாந்தையில் திறந்து கிடந்தது. எஞ்சின் ஹெட் ஒரு பக்கம், பரல் ஒரு பக்கம். இறுகிய ரிங்குகளோடு பிஸ்டன் ஒரு பால்மாப் பேணியில் மண்ணெண்ணெய்க்குள் ஊறிக்கொண்டிருந்தது. பூட்டி முடிக்க ஒரு பகல் வேண்டும். ஒரு பகல் இல்லை. லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் ஒரே தெருவில் மழைக்குள் நசிந்த அந்த இரவில், வீட்டில் வண்டி இருந்தும் நாங்கள் நடந்தோம். சைக்கிள் ஒன்று, அதில் இரண்டு பை, மேலே நான். அப்பா பிஸ்டனைப் பேணியிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிக் காற்சட்டைப் பையில் போட்டதை அம்மா கண்டிருக்கிறா. ரிங் வாங்கப் போகும்போது அளவுக்குக் காட்ட வேண்டும் என்றாராம். நாலைந்து நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சாவகச்சேரி, கிளாலிக் கடல், கிளிநொச்சி, வவுனியா முகாம், கொழும்பு. அந்தக் காற்சட்டைப் பை எல்லா இடமும் வந்தது.

ஹெந்தளைக்கு வந்த அடுத்த வருடம் அப்பாவுக்குப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில், மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு வேலை. பஸ்ஸுக்குள் நசிந்து, பாலத்தடிச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, அடையாள அட்டையைக் காட்டி, வேலைக்குப் போய் வருவதிலேயே ஆள் பாதியாகிவிட்டார். ஒரு நாள் பின்னேரம் பழைய ஹொண்டா சி 90 ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு அல்ல. நீலப் புகை தள்ளுகிறது என்பதால் மலிவாகக் கிடைத்தது. இலக்கத் தகட்டின் நடுவில் சிங்கள ஸ்ரீ. 1958 இல் இந்த எழுத்தின்மேல் தார் பூசியதற்காகத் தமிழர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். அப்பா வண்டியைத் துடைத்தபோது அந்த எழுத்தையும் சேர்த்து மண்ணெண்ணெய்த் துணியால் மினுக்கினார்.

“எஞ்சினைக் கராஜிலை குடுங்கோவன்” என்றா அம்மா.

“குடுக்கலாம்” என்றார் அப்பா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் விறாந்தை வாங்கில் ஏறிவிட்டது.

இதை நான் ரசித்து எழுதுவதால் அது ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று வாரம் வீட்டில் சண்டை. எனக்கு அந்த வருடம் ஓ.எல். சோதனை. “சோதினை வருது, இவள் கிறீசுக்குள்ளை கிடக்கிறாள், நகத்தைப் பாருங்கோ” என்று அம்மா ஒரு நாளில் ஐந்து தரம் சொல்லுவா. நகம் கறுப்புத்தான். ரின்சோ போட்டாலும் போகாது. சவர்க்காரத்தோடு சீனி சேர்த்துத் தேய்த்தால் போகும் என்று அப்பா சொல்லித் தந்தார், அதற்குப் பிறகு சீனிப் போத்தலைப் பற்றியும் சண்டை.

என் முதல் வேலை ரோச் லைற் பிடிப்பது. அதைவிட அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. “பிள்ளை, லைற்றை ஆட்டாதை. நான் பாக்கிற இடத்துக்குப் பிடி, நீ பாக்கிற இடத்துக்கில்லை.” பிறகு பதவி உயர்ந்தது. கழற்றும் உறுப்புகளைத் தரையில் விரித்த பழைய வீரகேசரித் தாள்களின்மேல் கழன்ற ஒழுங்கிலேயே அடுக்கி வைப்பது. இடமிருந்து வலம், வரிவரியாக, ஒரு புத்தகம் மாதிரி. ‘ஜெயசிக்குறு’ இராணுவ நடவடிக்கைச் செய்தி ஒன்றின்மேல் கிளச் பிளேட்டுகள் கிடந்தது ஞாபகம். பூட்டும்போது கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வாசித்துக்கொண்டு போகவேண்டும். அம்மா கூட்டுமாற்றோடு அந்தப் பக்கம் வந்தால் அப்பா எழும்பி நின்று மறிப்பார்.

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. எங்கேயிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. காலையில் முதல் உதைக்கு மட்டும் புகைத்தால் வால்வுப் பக்கம், முறுக்க முறுக்கப் புகைத்தால் ரிங் பக்கம். பிளக் துவாரத்தால் ஒரு கரண்டி ஒயில் விட்டுவிட்டு உதைத்துப் பார்த்தார். முதலில் பஞ்சுபோல் இறங்கிய கிக்கர் இப்போது காலை எதிர்த்தது. ஒயில் போய் இடைவெளியை அடைத்ததால் அமுக்கம் கூடுகிறது, ஆகவே குற்றம் ரிங்கிலும் பரலிலும். கைநாடி பிடித்து வாதம் பித்தம் சொல்லும் பரியாரியின் வேலைதான் இது. எஞ்சினைக் குலுக்கிப் பார்த்து கிராங் பேரிங்கும் போய்விட்டது என்றார். கொன்ரொட்டை மேலே கொண்டுவந்து, இரு விரலால் பிடித்து மேலும் கீழும் இழுத்தார். அந்தத் திசையில் ஆடக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழும் ஆடவில்லை. “இது தப்பிச்சுது” என்றார்.

பேரிங் போடுவதற்குக் குசினி தேவைப்பட்டது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே அலுமினிய கேசிங்கைச் சூடாக்கி, இரும்புப் பேரிங்கைக் குளிராக்கினால் சுத்தியல் இல்லாமலே உள்ளே இறங்கிவிடும். புதுப் பேரிங்குகள் இரண்டும் பொலித்தீன் பைக்குள், குளிர்சாதனப் பெட்டியில் சூடை மீனுக்குப் பக்கத்தில் ஓரிரவு கிடந்தன. காலையில் அம்மா தோசை சுட்டு முடிய, காஸ் அடுப்பில் தாச்சிக்குப் பதில் கேசிங் ஏறியது. தண்ணீர் தெளித்தால் ‘சொய்ங்’ என்று ஓடவேண்டும். ஓடியது. சாக்குத் துண்டால் பிடித்துக் கவனமாக இறக்கி, பேரிங்கை வாயில் வைத்தார். ‘டொக்’. அவ்வளவுதான். அம்மா கோபத்தை மறந்து, “இன்னொருக்காச் செய்யுங்கோ, வடிவாப் பாக்கேல்லை” என்றா. நல்லவேளையாக இரண்டாவது பேரிங் இருந்தது.

வால்வு வேலை முழுக்க என்னுடையது. ஒரு கம்பின் நுனியில் ரப்பர்க் கிண்ணம், அது வால்வின் தலையைக் கவ்விப் பிடிக்கும். வால்வு குந்தும் விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் ஒரு பொட்டு. பிறகு கம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவதுபோல் உருட்டவேண்டும். கொஞ்ச நேரத்துக்கொரு தடவை தூக்கி, இடம் மாற்றி, மறுபடி. ஆரம்பத்தில் மணலை அம்மியில் இழுப்பதுபோல் கரகரக்கும். மெல்ல மெல்லச் சத்தம் மாறும். ஒரு கட்டத்தில் சேலையை உருவுவதுபோல் ‘சர்’ரென்று வழுக்கும். அப்போது துடைத்துப் பார்த்தால் வால்வின் விளிம்பைச் சுற்றி மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். அந்த வளையம் எங்கும் அறாமல் ஒரே அகலத்தில் இருக்கவேண்டும். என் உள்ளங்கை கொப்பளித்தது. இரண்டாம் நாள் வளையம் வந்தது. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துவாரத்துக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, வால்வு ஓரத்தில் கசிகிறதா என்று அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தோம். கசியவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு சாப்பாட்டின்போது அம்மாவிடம், “பிள்ளை வால்வை இருத்திப்போட்டாள்” என்றார். பிறகு எந்தச் சோதனைப் பெறுபேறும் அவரை அந்தக் குரலில் பேச வைத்ததில்லை.

பரலை பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோனோம். மருதானைக்குப் பக்கத்தில் வாகன உதிரிப்பாகங்களுக்கென்றே ஒரு தெருக்கூட்டம் அது. இரவு களவு போன கண்ணாடியை விடியப்போய் அங்கேயே வாங்கலாம் என்று கொழும்பில் பழைய பகிடி. கடைவாசல்களில் ஜப்பான் எஞ்சின்கள் ஆட்டுத்தொடைபோல் தொங்கும். மூன்று பாஷையையும் ஒரே வசனத்துக்குள் பேசுவார்கள்.

போர் அடிக்கும் பட்டறையில் சிங்கள பாஸ் ஒருவர். சிலிண்டருக்குள் அளவுக்கருவியை விட்டு, மேலே, நடுவே, கீழே என்று அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த எஞ்சினுக்குப் பிறக்கும்போது 50 மில்லிமீற்றர் அகலம், 45.6 மில்லிமீற்றர் ஓட்டம். தேய்ந்தால் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடலாம். இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு என்று நாலு தரம். ஒவ்வொன்றும் கால் மில்லிமீற்றர் ஏற்றம். நூறும் தேய்ந்தால் லைனர் அடிக்கவேண்டும். எங்கள் பரல் இருபத்தைந்தைக் கடந்துவிட்டது. ஐம்பதுக்குத்தான் சரி என்றார் பாஸ்.

அலுமாரியில் இருந்த பிஸ்டனும் ஐம்பது. அப்பாவிடம் இருந்த பழைய எம்.டி. நைன்ரிக்கும் இந்த சி 90க்கும் பிஸ்டன் ஒன்றுதான். எனக்கு அது உடனே பொறி தட்டியது. பதினாறு வயது, கதைப்புத்தகம் வாசித்துப் பழுதாகிப்போன மூளை. “அப்பா, எங்கடை பிஸ்டனைப் போடுவம்” என்றேன். பாஸுக்கு அப்பா அரைகுறைச் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்ல, அவரும், “இருக்கிறதென்றால் ஏன் மாத்தயா புதிது?” என்றார்.

“ரிங் காடி தேஞ்சிருக்கும். அதைப் போட்டால் ஆறு மாசத்திலை திரும்பப் புகைக்கும்” என்றார் அப்பா. புதுப் பிஸ்டன் வாங்கி பாஸின் கையில் கொடுத்தார். பிஸ்டனை வைத்து அதன் அளவுக்குத்தான் பரலைக் கடைவார்கள். இரண்டுக்கும் இடையில் விடும் வெளி தலைமயிரிலும் மெல்லியது. திரும்பி வரும்போது பரலை ஒயில் தோய்ந்த கடதாசியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், ஹெந்தளை உப்புக்காற்று அதைத் தொடாதபடி.

அவர் சொன்ன காரணம் சரியானது. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அதையே சொல்லுவான். ஆனாலும் பிறகு பல வருடம் நான் அதை யோசித்திருக்கிறேன்: அது தேயாத பிஸ்டனாக இருந்திருந்தால் போட்டிருப்பாரா?

வெசாக் இரண்டு நாள் லீவில் பூட்டிவிடுவது என்று திட்டம். பிஸ்டனைக் கொன்ரொட்டோடு இணைக்கும் பின்னுக்கு இரு பக்கமும் சேர்க்கிளிப் என்று ஒரு வளையக் கம்பி வரும், சிறுவிரல் நகத்தளவு. அது கிராங் கேசுக்குள் விழுந்துவிடாமல் வாயை அப்பா தன் பழைய பெனியனால் அடைத்திருந்தார். கிளிப் கேசுக்குள் விழவில்லை. இடுக்கியிலிருந்து தெறித்து விறாந்தை வெளிச்சத்தில் ஒருதரம் மின்னி எங்கேயோ போனது. காந்தத்தை நூலில் கட்டித் தரை முழுக்க இழுத்தோம். பூச்சாடிகளைத் தூக்கினோம். அம்மா சுளகில் மண்ணை அள்ளிப் புடைத்தா. நீர்கொழும்பு வீதி முழுக்க வெளிச்சக்கூடும் தன்சலும் சனமுமாக இருந்தது, உதிரிப்பாகக் கடை ஒன்றும் திறக்கவில்லை. பழைய கிளிப் ஒன்று கையில் இருந்தது. அதைப் போட அப்பா ஒப்பவில்லை, ஒருமுறை கழன்ற கிளிப்புக்கு இழுவை போய்விடும், ஓடும்போது கழன்றால் பரலைக் கிழித்துவிடும். சில சதங்களுக்குப் பெறும் கம்பிக்காக முழு எஞ்சினும் இரண்டு நாள் துணி மூடிக் கிடந்தது. அந்த இரண்டு இரவும் அப்பா விறாந்தையில்தான் படுத்தார். ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் அவர் இணுவிலைப் பற்றிக் கதைத்தார். மற்ற நாட்களில் கதைக்கமாட்டார், கேட்டாலும் “அது அப்ப” என்பார். எஞ்சின் திறந்து கிடந்தால் கை வேலையாக இருக்கும், கண் கீழே இருக்கும், வாய் தன்பாட்டில் திறந்துவிடும். ரிங்குக்கு வாயிடைவெளி பார்த்துக்கொண்டே ஒருநாள், “அண்டைக்கு இன்னும் மூண்டு மணித்தியாலம் இருந்திருந்தால் பூட்டியிருப்பன்” என்றார். நான் லைற்றை ஆட்டவில்லை.

அடுத்த ஞாயிறு புதுக் கிளிப்போடு வேலை ஓடியது. வால்வு இடைவெளி 0.05 மில்லிமீற்றர். எங்களிடமிருந்த அளவுத்தகட்டில் அந்த மெல்லிய இலை முறிந்துபோயிருந்தது. ஸ்காபரோவிலிருந்து சித்தப்பா எழுதிய வான்தபால் கடிதத்தின் ஓரத்தைக் கிழித்து, மைக்ரோமீற்றரில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட வந்தது. அப்படியாகக் கனடாவில் குளிர் எவ்வளவு என்ற வரி எங்கள் வால்வுக்கும் ராக்கருக்கும் இடையில் போய் வந்தது.

டைமிங் செயின் போடும் நேரம் பொலிசார் வந்தார்கள். அந்தக் காலத்தில் வழமையான சுற்றிவளைப்புத்தான். வீட்டார் பதிவுத் துண்டைப் பார்த்தார்கள், அலுமாரியைப் பார்த்தார்கள். ஓர் இளம் பொலிஸ்காரர் விறாந்தையில் வாங்கின்மேல் இருந்த எஞ்சினுக்கு முன்னால் நின்றுவிட்டார். வண்டிப் புத்தகத்தைக் கேட்டார். அப்பா எடுக்க உள்ளே போனார். வந்து, எஞ்சின் இலக்கம் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காட்ட, அவர் ரோச் அடித்து ஒவ்வொரு இலக்கமாகப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. போய்விட்டார்கள். அம்மாதான் நெடுநேரம் கதிரையில் இருந்தா.

அப்பா உள்ளே போயிருந்த அந்த ஒரு நிமிடத்தில் என் கை சும்மா இருக்கவில்லை. பயத்தில் எதையாவது பிடிக்கவேண்டும் போலிருந்தது. மாக்னற் சக்கரத்தைப் பிடித்தேன், அது கொஞ்சம் திரும்பியது. நான் அதைத் திருப்பி வைத்தேன், முன்பிருந்த இடத்தில் என்று நினைத்து.

மறுநாள் காலை வண்டியில் ஏற்றி உதைத்தால் எஞ்சின் இருமியது, காலைத் திருப்பி அடித்தது, பிடிக்கவில்லை. பிளக்கைப் பார்த்தார், பொயின்ற்றைப் பார்த்தார், காபரேற்றரைப் பார்த்தார். வேலைக்கு அரைநாள் லீவு. கடைசியில் பக்க மூடியைக் கழற்றி, மாக்னற்றின் ‘டி’ அடையாளத்தையும் மேலே கேம் சக்கரத்தின் வட்ட அடையாளத்தையும் ஒப்பிட்டுவிட்டு, “செயின் ஒரு பல்லு தாண்டியிருக்கு” என்றார். தமிழில் இது ஒரு வசதி. தாண்டியது செயின். யார் தாண்டவைத்தார் என்று வசனம் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

பல்லை மாற்றிப் போட்டு, மூன்றாவது உதைக்குப் பிடித்தது. புது ஒயில் காய்ந்து வெள்ளையாய் ஒரு புகை, பிறகு அது மெலிந்து, சைலன்சர் வாயில் ஒன்றுமே இல்லை. வெறும் சத்தம். தையல் மெஷினைப்போல் ஒரே சீரான சத்தம். அம்மா குசினியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றா. அப்பா இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிற்பாட்டி, “ஆறட்டும்” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் ஹெட்டின்மேலேயே இருந்தது, சுடும்வரைக்கும்.

முதல் 500 கிலோமீற்றர் ஆளேற்றக் கூடாது, முறுக்கக் கூடாது. ஞாயிறு காலைகளில் கந்தானை, ஜா-எல என்று தனியாக 30 கிலோமீற்றர் வேகத்தில் போய் வருவார். வந்து எண்ணைச் சொல்லுவார்: “நூற்றி இருபது.” “முந்நூற்றிப் பத்து.” பிறகு அதே வண்டியில்தான் பின்னால் இருந்து நான் சோதனை மண்டபத்துக்குப் போனேன். கணிதத்தில் விசேட சித்தி, அம்மாவின் வாய் அத்தோடு அடைந்தது.

2002 இல் ஏ9 பாதை திறந்ததும் அப்பா தனியாக இணுவிலுக்குப் போனார். கூரை இல்லை, கதவில்லை, எஞ்சின் இல்லை. கிராங் கேசை யாரோ கிணற்றுக்குள் போட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்களாம். 2010 இல் கிணறு இறைத்தோம். சைக்கிள் றிம் ஒன்றும் இரண்டு வாளியும் வந்தன.

சி 90ஐ 2011 இல் விற்றோம். அது புகைக்கவில்லை, அவருக்குத்தான் உதைக்க முடியவில்லை. ஹெந்தளை வீட்டை உடைத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பினார்.

2022 இல் எரிபொருள் வரிசையில் என்னோடு வந்து நின்றார். கியூ.ஆர். அட்டை வந்த புதிது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். சனம் திட்டிக்கொண்டிருந்தது. “நாலு லீற்றர் எண்டால் நாங்கள் நாலு மாசம் ஓடியிருப்பம்” என்றார். பிறகு குனிந்து என் ஸ்கூட்டரின் அடியில் காபரேற்றரைத் தேடினார். இல்லை, இது இன்ஜெக்சன் என்றேன். எழும்பி நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “அப்ப இதுக்குள்ளை எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை” என்றார். அடுத்த வருடம் போய்விட்டார்.

ஸ்கூட்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. புகையாது, உதைக்கத் தேவையில்லை, ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. அந்த விறாந்தையில் நாங்கள் இழந்த ஞாயிறுகளைக் கணக்குப் பார்த்தால், கராஜில் கொடுத்திருந்தால் மலிவாகவே முடிந்திருக்கும். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லுவா. எனக்குத் தேவைப்படுவது வண்டி அல்ல. யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து, நான் பார்க்கிற இடத்துக்கு இல்லை, தான் பார்க்கிற இடத்துக்கு லைற்றைப் பிடிக்கச் சொல்லவேண்டும்.

போன மாதம் அலுமாரியிலிருந்து பிஸ்டனை எடுத்து, ஒரு ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு அதற்குள் போட்டு வைத்தேன். அறிவித்தல் வாகனத் தரிப்பிடத்தைப் பற்றித்தான், குசினியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பிஸ்டன் தலையில் கரி கழன்றதும் 0.50 என்ற பொறிப்பு வடிவாகத் தெரிகிறது. முதல் இரண்டு ரிங்கும் காடியை விட்டு அசைந்துவிட்டன. மூன்றாவது இன்னும் இறுகித்தான் கிடக்கிறது.